எண்ணெயில் ஏறும் மணம்

எண்ணெய் என்னும் சொல்லைப் பிரித்து நோக்கினால் எள், நெய் என்னும் இரு சொற்கள் அதனுள்ளே வெளிப்படும். எள்ளிலிருந்து பெற்ற நெய்யே ஆதியில் அப்பெயரைப் பெற்றது. பின்னர் தேங்காயிலிருந்தும், வேப்பம் வித்திலிருந்தும், இலுப்பை வித்திலிருந்தும் பெற்றவையும் அதே பெயரால் வழங்கலாயின. தேங்காய் எண்ணெய் என்று கூறும்போது அதனுள் எள்ளும் ஒளிந்திருப்பதை எவரும் நினைப்பதில்லை. இதனையொத்த கதை ஒன்று மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிலும் உண்டு. கிரேக்கர் ஒலிவ மரத்தை எலாயா என்றும், அதன் கனியிலிருந்து பிழிந்ததை எலாயோன் என்றும் அழைத்தனர். உரோமரின் இலத்தீன் மொழியில் அது ஓலியும் ஆயிற்று. ஆங்கிலேயரின் ஒயிலும் இத்தாலியரின் ஒலியோவும் அச்சொல்லின் வழித்தோன்றல்களே. ஸ்பானியர் அறபு மொழியின் ஸைத் என்ற சொல்லை ஏற்று அசெயித்தே என்கின்றனர். அதுவும் ஒலிவத்தைக் குறிக்கும் ஸைத்தூன் என்ற சொல்லின் உறவேயாகும். ஆக, தமிழருக்கு எள் எவ்வாறோ, அந்நாட்டவருக்கு ஒலிவம் அவ்வாறு.

அத்தகைய ஒலிவ எண்ணெயில் எலுமிச்சைத் தோலின் மணத்தையும் நறுந்தழைகளின் மணத்தையும் ஏற்றிச் சமையலுக்குப் பயன்படுத்தும் வழக்கம் இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. கடைகளில் இவ்வெண்ணெய் அழகிய போத்தல்களில் நல்ல விலைக்கு விற்கப்படுகிறது. இதனை வீட்டிலேயே செய்துகொள்வது எளிது, செலவும் குறைவு. ஆயினும் எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் உயிருக்கே ஊறு விளைக்கக்கூடிய பிழை ஒன்றும் மறைந்திருக்கிறது. அப்பிழை யாது, அதனை நீக்கி மணமிக்க எண்ணெயைப் பெறும் வழி யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில் எண்ணெயைப் பற்றிச் சிறிது அறிதல் நன்று. எள்ளெண்ணெய் வித்திலிருந்து வருவது. தேங்காய் எண்ணெய் பருப்பிலிருந்து வருவது. ஒலிவ எண்ணெயோ பெரும்பாலும் கனியின் சதையிலிருந்து வருவது. அதனை ஒருவகைப் பழச்சாறு என்றே கூறலாம். இலையுதிர்காலந் தொடங்கி மாரிகாலம் வரையில் கனிகளைப் பறிக்கின்றனர். பறித்த கனியை அப்படியே வாயிலிட இயலாது, அத்துணைக் கசப்புடையது. முற்காலத்திற் கற்செக்கிலிட்டு அரைத்து, அரைத்த விழுதைப் பாய்களிற் பரப்பி, பாய்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிப் பிழிந்தனர். பிழிந்த நீரும் எண்ணெயும் நின்று தெளியும்போது எண்ணெய் மேலே மிதக்கும். இன்று சுழலும் பொறிகள் அவ்விரண்டையும் சிறு பொழுதிற் பிரித்துவிடுகின்றன.

இவ்வாறு சூடேற்றிக் கெடுக்காமலும், இரசாயனப் பொருள் சேர்க்காமலும் பெறப்படும் எண்ணெயில் முதல்தரமானது கன்னி எண்ணெய்களுள் மிகச் சிறந்தது என்று பெயர் பெறுகிறது. அதன் கட்டற்ற அமிலம் நூற்றுக்கு 0.8 பங்குக்கு மேற்படலாகாது என்பது சர்வதேச விதி. புத்தம்புதிய நல்லெண்ணெயிற் காணும் இனிமை இதில் இல்லை. புல்லின் மணமும் இளங்கசப்பும் சேர்ந்திருக்கும். விழுங்கும்போது தொண்டையிற் சிறு காரம் தோன்றும். அக்காரத்தைக் குறையென்று எண்ணிப் போத்தலைத் திருப்பிக் கொடுப்பாரும் உளர். அது எண்ணெய் புதியது என்பதற்கு ஓர் அடையாளம். 2005ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் அக்காரத்துக்குக் காரணமான பொருளை ஆராய்ந்து, அதற்கு ஒலியோகாந்தல் என்று பெயரிட்டு வெளியிட்டனர். மணமேற்றுவதற்கு இத்தகைய காரம் மிக்க எண்ணெய் பொருந்தாது. மென்மையான சுவையுடையதைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். இன்றேல் எண்ணெயின் குரல் எலுமிச்சையின் குரலை மூடிவிடும்.

எலுமிச்சை மத்தியதரை நாடுகளுக்கு உரிய மரம் அன்று என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். எலுமிச்சை, தோடை முதலிய புளிப்பினப் பழங்களின் தாயகம் ஆசியாவே. இமயமலையின் தென்கிழக்கு அடிவாரத்தை அவற்றின் பிறப்பிடமாக இன்றைய ஆராய்ச்சியாளர் காட்டுகின்றனர். அங்கிருந்து மேற்கே பயணஞ்செய்த எலுமிச்சையை அறபியர் தம் நீர்ப்பாசனத் திறமையோடு சிசிலித் தீவிலும் ஸ்பானியாவிலும் பரப்பினர். இத்தாலியர் அதனை லிமோனே என்று அழைப்பதும் பாரசீக, அறபுச் சொற்களின் வழிவந்ததே. ஒலிவமும் எலுமிச்சையும் ஒரே குன்றின் சரிவில் அருகருகே நிற்கும் காட்சியை இன்று சிசிலியிற் காணலாம். ஒன்று அந்நிலத்தின் பழங்குடி. மற்றது கிழக்கிலிருந்து வந்த விருந்தாளி.

இத்தாலியின் கிழக்குக் கரையிலுள்ள அப்ரூத்சோ மாகாணத்தில் ஒரு பழைய வழக்கம் கூறப்படுகிறது. எண்ணெய்ப் பருவத்தின் முடிவில், ஆலையிலுள்ள கற்களைத் துப்புரவாக்கும் பொருட்டு, குடியானவர்கள் எலுமிச்சம்பழங்களையும் ஒலிவக் கனிகளோடு சேர்த்து அரைப்பராம். அவ்வாறு வந்த எண்ணெய் எலுமிச்சை மணம் கமழ்ந்தமையால் அதனை விற்காமல் தம் வீட்டுக்கும் நண்பர்க்குமென எடுத்துவைப்பராம். பிற்காலத்தில் இதுவே ஒரு வாணிகமாகவும் வளர்ந்தது. இம்முறையில் பழமும் கனியும் ஒன்றாக அரைபட்டாலும், எண்ணெய் பிரியும்போது பழத்தின் நீரும் சக்கையும் முற்றாக நீங்கிவிடுகின்றன. எஞ்சுவது எண்ணெயும் மணமுமே. இச்செய்தியை மனத்தில் இருத்துதல் வேண்டும். பின்னர் இது பயன்படும்.

வீட்டில் ஆலை இல்லை. ஆகவே வீட்டார் செய்யக்கூடியது, பிழிந்து வந்த எண்ணெயில் தோலையும் தழையையும் ஊறவைத்து மணத்தை ஏற்றுவதே. எலுமிச்சம்பழத் தோலை விரல்களுக்கிடையில் மடித்து ஒளியை நோக்கி அமுக்கினால் நுண்துளிகள் தெறிப்பதைக் காணலாம். தோலின் மஞ்சட் படையில் நெருங்கிக் கிடக்கும் சிறு பைகளில் அடங்கியுள்ள நறுமண எண்ணெய் அது. லிமொனீன் என்னும் பொருள் அதில் மிகுதி. எண்ணெய் எண்ணெயிற் கரையும்; ஆகவே அந்த மணம் ஒலிவ எண்ணெயிலும் எளிதிற் கலந்துவிடும். பழத்தின் புளிப்போ வேறு. அது சித்திரிக் அமிலத்தால் ஆவது. அமிலம் நீரிற் கரையுமேயன்றி எண்ணெயிற் கரையாது. எனவே எலுமிச்சை மணமேற்றிய எண்ணெயில் மணம் உண்டு, புளிப்பு இல்லை. இதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

தழைகளின் செய்தியும் இவ்வாறே. றோஸ்மேரி என்னும் செடி மத்தியதரைக் கரையோரத்துப் பாறை நிலத்தில் தானாக வளர்வது. ஊசிபோன்ற அதன் இலையைக் கசக்கினால் கற்பூரத்தை நினைவூட்டும் மணம் எழும். தைம் என்னும் சிறு தழையின் மணத்துக்குக் காரணமான தைமோல் என்ற பொருளே ஓமத்துக்கும் மணம் தருகிறது. ஒறிகானோ என்னும் தழையை முகர்வோருக்குக் கற்பூரவள்ளி நினைவுக்கு வரும். இரண்டுக்கும் பொதுவான மணப்பொருள் உண்டு. இத்தாலியர் பெரிதும் விரும்பும் பசிலிக்கோ, தமிழர் திருநீற்றுப்பச்சை என்று வழங்கும் செடியின் இனமே. பெயர்கள் புதியன எனினும் மணங்கள் இல்லத்தரசியருக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல.

இனி ஆபத்தைப் பற்றிக் கூறுதல் வேண்டும். அன்பளிப்புக் கடைகளிலும் வண்ணப்படங்களிலும் ஒரு போத்தல் அடிக்கடி காணப்படுகிறது. பொன்னிற எண்ணெய்க்குள் பச்சை றோஸ்மேரிக் கிளை ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதனருகே சுருண்ட எலுமிச்சைத் தோல். அடியில் உரித்த உள்ளிப் பற்கள் நாலைந்து. பார்ப்பதற்கு மிக அழகிய காட்சி. இதனைக் கண்டு அவ்வாறே வீட்டிலும் செய்து, அடுப்பங்கரைத் தட்டில் வாரக்கணக்கில் வைத்திருக்க விரும்புவோர் பலர். நஞ்சு தோன்றுவதற்கு இதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை.

அந்நஞ்சின் வரலாறு நெடியது. ஜேர்மனியின் வூர்ட்டெம்பர்க் நாட்டில் வாழ்ந்த ஜஸ்டினஸ் கேர்னர் என்பவர் மருத்துவர், கவிஞருங்கூட. கெட்டுப்போன இறைச்சிக் குழல்களை உண்டு மக்கள் மாண்டதை அவர் கண்டு, 1820இலும் 1822இலும் அந்நோயை விரிவாக எழுதி வெளியிட்டார். காற்றுப் புகாத இடத்திலேதான் அந்நஞ்சு உருவாகிறது என்பதையும் அவர் உணர்ந்தார். பின்னர் 1895ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், பெல்ஜியம் நாட்டின் எல்செல் என்னும் ஊரில், ஒரு மரணச் சடங்குக்கு வாத்தியம் இசைக்கச் சென்ற குழுவினர் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றியிறைச்சியை உண்டு நோயுற்றனர். அவர்களுள் மூவர் இறந்தனர். எமில் வான் எர்மெங்கெம் என்ற பேராசிரியர் எஞ்சிய இறைச்சியை ஆராய்ந்து, நஞ்சைச் செய்யும் பற்றீரியாவைக் கண்டுபிடித்தார். இலத்தீனில் இறைச்சிக் குழலைக் குறிக்கும் பொட்டுலுஸ் என்ற சொல்லிலிருந்து அந்நோய்க்குப் பொட்டுலிசம் என்ற பெயர் நிலைத்தது.

இப்பற்றீரியா மண்ணில் எங்கும் உள்ளது. அதன் வித்திகள் இலையிலும், தண்டிலும், மண்ணுக்குள்ளே விளையும் உள்ளியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவ்வித்திகளை உண்பதால் வளர்ந்தவர்க்குப் பொதுவாகத் தீங்கு நேர்வதில்லை. காற்றுள்ள இடத்தில் அவை உறங்கிக் கிடக்கும். காற்று அற்றதாய், ஈரம் உள்ளதாய், புளிப்புக் குறைந்ததாய், இளஞ்சூடு உடையதாய் ஓரிடம் கிடைத்தால் அவை விழித்து வளர்ந்து நஞ்சை உமிழும். பச்சைத் தழைக்குள்ளும் உள்ளிக்குள்ளும் ஈரம் உண்டு, புளிப்பு இல்லை. அவற்றை எண்ணெய் மூடியதும் காற்று அற்றுப்போகிறது. வெப்பநாட்டு அடுப்பங்கரையில் இளஞ்சூட்டுக்குக் குறைவில்லை. நான்கும் ஒருங்கே கூடிவிடுகின்றன.

இது வெறும் அச்சம் அன்று. 1985ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் நகரத்து உணவகம் ஒன்றில் உண்டவர்களுள் 36 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். நறுக்கிய உள்ளியை எண்ணெயிலிட்டு, குளிரூட்டாமல் வைத்திருந்ததே காரணம். அவர்களுட் பலருக்கு முதலில் வேறு நோய் என்றே முடிவு செய்யப்பட்டது. 1989இல் அமெரிக்காவின் நியூ யோர்க் மாநிலத்தில் ஒலிவ எண்ணெயிலிட்ட உள்ளியால் மூவர் நோயுற்றனர். அதன்பின், இத்தகைய பண்டங்களை விற்போர் குளிரூட்டலை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. அமிலம் முதலிய தடுப்புப்பொருளும் சேர்த்தல் வேண்டும் என்று அந்நாட்டு அரசு கட்டளையிட்டது.

இந்நஞ்சின் கொடுமை அது தன்னை வெளிப்படுத்தாமையே. நாற்றம் இராது; சுவை மாறாது; எண்ணெய் தெளிவாகவே இருக்கும். முகர்ந்து பார்த்து முடிவு செய்யும் அடுப்பங்கரை அநுபவம் இங்கே பயன்படாது. உண்டபின் பெரும்பாலும் 12 மணித்தியாலம் முதல் 36 மணித்தியாலத்துள், சில வேளைகளிற் பல நாட்களின் பின்னும், பொருள்கள் இரண்டிரண்டாகத் தோன்றும், இமைகள் தாழும், நாக்குழறும், விழுங்குதல் அரிதாகும், பின்னர் தளர்ச்சி மேலிருந்து கீழே பரவி மூச்சையும் தடுக்கும். இக்குறிகள் தோன்றினால் ஒரு கணமும் தாழ்க்காது வைத்தியசாலைக்குச் செல்லுதலும், உண்டது யாதென்று வைத்தியரிடம் கூறுதலும் இன்றியமையாதன. உரிய காலத்தில் கொடுத்தால் பயன்படும் நஞ்சுமுறி மருந்து உளது.

இங்கே சிலர் ஒரு கேள்வி கேட்கக்கூடும். எலுமிச்சை சேர்வதால் எண்ணெய் புளிப்படையாதா? புளிப்பு நஞ்சைத் தடுக்காதா? கேள்வி நியாயமானதே, விடை முன்னரே கூறப்பட்டுவிட்டது. எலுமிச்சையின் புளிப்பு எண்ணெயில் கரையாது. தோலில் உள்ளது பெரும்பாலும் மணமே. சாற்றைப் பிழிந்து ஊற்றினாலும் அது அடியில் தங்குமேயன்றி, எண்ணெயில் மிதக்கும் தழைக்குள் நுழையாது. அதனோடு போத்தலுக்குள் நீரையும் சேர்த்தவாறாகும். எலுமிச்சை மணக்கிறது என்பதால் எலுமிச்சையின் காவலும் இருக்கிறது என்று நம்புதல் பெரும்பிழை.

அப்படியாயின் வழி யாது? தமிழ் மருத்துவர்கள் தைலங் காய்ச்சும் முறையை நினைவுகூர்ந்தால் வழி புலப்படும். மூலிகைச் சாற்றையும் எண்ணெயையும் ஒன்றாக இட்டுக் காய்ச்சும்போது அவர்கள் பதம் பார்ப்பர். மெழுகுப்பதம், மணற்பதம் என்று அப்பதங்களுக்குப் பெயரும் உண்டு. அடியிற் கிடக்கும் கற்கம் ஈரம் நீங்கி மணல்போல் உதிரும் நிலை மணற்பதம். கூந்தலுக்கு எண்ணெய் காய்ச்சும் பெண்டிரும் கறிவேப்பிலையின் சடசடப்பு அடங்கும்வரை காத்திருப்பர். சடசடப்பது நீர், அது அடங்கினால் நீர் நீங்கிற்று என்பது பொருள். எண்ணெயில் நீர் நிற்கலாகாது என்னும் அவ்விதியே இங்கும் காவல். அப்ரூத்சோவின் ஆலையிலும் நீர் பிரிந்து போனதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆனால் ஒலிவ எண்ணெயைத் தைலம்போற் கொதிக்கக் காய்ச்சினால் அதன் இயல்பான மணம் அழியும். எலுமிச்சையின் மணமும் ஆவியாகப் பறந்துவிடும். ஆகவே ஈரத்தை எண்ணெயில் வைத்துப் போக்காமல், எண்ணெயில் இடுவதற்கு முன்னரே போக்கிவிடுதல் வேண்டும். தோலும் தழையும் முற்றாக உலர்ந்திருத்தல் வேண்டும். இதுவே இம்முறையின் உயிர்நிலை.

செய்முறை வருமாறு. நன்கு பழுத்த மஞ்சள் எலுமிச்சம்பழம் மூன்று எடுத்துக்கொள்க. அது கிடையாதவிடத்துத் தேசிக்காயோ தோடம்பழமோ நாரத்தையோ கொள்ளலாம். இறக்குமதியாகும் பழங்களுக்கு மெழுகு பூசப்பட்டிருத்தல் கூடும். ஆதலால் வெந்நீரில் இட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்தல் வேண்டும். கூரிய கத்தியால் மேல்தோலை மாத்திரம் மெல்லியதாகச் சீவுக. உள்ளிருக்கும் வெண்படை கசப்பைத் தரும், அது சேரலாகாது. சீவிய தோலைத் தட்டிற் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, கடும் வெயிலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துக. ஈரலிப்பான காலத்தில் வெயிலை நம்புதல் தகாது. அப்போது வெதுப்பியை 60 பாகை செல்சியசு அளவில் வைத்து, அதன் கதவைச் சிறிது திறந்து, சில மணித்தியாலம் உலர்த்தலாம். மடித்தால் வளையாமல் ஒலியோடு ஒடியும் தோலே உலர்ந்த தோல். றோஸ்மேரியும் தைமும் பெரிய கடைகளில் உலர்ந்த நிலையிற் கிடைக்கும். தோட்டத்தில் வளர்த்தவையாயின் விரலிடையில் பொடியாக நொறுங்கும்வரை உலர்த்துதல் வேண்டும்.

அரை லீற்றர் ஒலிவ எண்ணெய்க்கு உலர்ந்த தோல் இரண்டு மேசைக்கரண்டியும், உலர்ந்த றோஸ்மேரி ஒரு மேசைக்கரண்டியும் போதும். காரம் விரும்புவோர் முழு மிளகு ஐந்தாறு சேர்க்கலாம். எண்ணெயை ஒரு கனத்த பாத்திரத்தில் ஊற்றி மிக மெல்லிய சூட்டில் வைக்க. கைக்கு நன்றாகச் சுடும் அளவே வேண்டும். குமிழியோ புகையோ தோன்றலாகாது. அடுப்பிலிருந்து இறக்கியபின் தோலையும் தழையையும் இட்டு ஆறவிடுக. பின்னர், கழுவி முற்றாக உலர்த்திய கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி இறுக மூடி, வெளிச்சம் படாத அலுமாரியில் ஒரு கிழமை தொடக்கம் இரு கிழமை வரை வைக்க. இரண்டு நாளுக்கொருமுறை குலுக்கிவிடலாம். மணம் போதியது என்று தோன்றியதும் உலர்ந்த துணியில் வடித்து, நிறமூட்டிய போத்தலில் அடைக்க.

போத்தல், துணி, கரண்டி, புனல், மூடி என்று எண்ணெயைத் தொடும் எதிலும் நீர்த்துளி இருத்தலாகாது. கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்துச் சூடாக்குவோர் ஆவி எண்ணெயில் விழாதவாறு காத்தல் வேண்டும். வெளிச்சமும் எண்ணெய்க்குப் பகையே. ஒலிவ எண்ணெயின் பசுமைக்குக் காரணமான பொருள் ஒளி பட்டால் எண்ணெய் காறுவதை விரைவுபடுத்தும். ஆதலால் சாளரத்தின் அருகில் அழகுக்காக வைக்கும் போத்தல் விரைவிற் கெடும். வடித்த எண்ணெயை இரண்டு மாதத்துள் பயன்படுத்தி முடித்தல் நலம். சிறிது சிறிதாகச் செய்துகொள்வதே சிக்கனம். ஒலிவ எண்ணெய் இலங்கைக்குக் கடல் கடந்து வரும் பண்டமன்றோ.

பச்சைத் தழையின் மணத்தையே விரும்புவாரும் உளர். திருநீற்றுப்பச்சை போன்றவை உலர்ந்தால் தம் தனிமணத்தைப் பெரிதும் இழந்துவிடுவன. உள்ளியும் அத்தகையதே. அவர்கள் அன்றைக்கு வேண்டிய சிறு அளவை மட்டும் செய்தல் வேண்டும். எண்ணெயை இளஞ்சூடாக்கிப் பச்சைத் தழையை இட்டு, சிறிது நேரத்தின் பின் முற்றாக வடித்து, உடனே பரிமாறலாம். எஞ்சியதைக் குளிர்ப்பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் முடித்தல் வேண்டும்; முடியாததை எறிந்துவிடுதல் வேண்டும். அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையத்தார் கூறும் எல்லை இது. குளிர் பற்றீரியாவின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துமேயன்றிக் கொல்வதில்லை. குளிரில் ஒலிவ எண்ணெய் கலங்கி உறைவது இயல்பு. அது கேட்டின் அறிகுறி அன்று. வெளியே வைத்தால் மீண்டும் தெளியும்.

இவ்விரு வழிகளையன்றி மூன்றாவது ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள பல்கலைக்கழகங்கள் ஆராய்ந்து வகுத்தது அது. உள்ளியையும் சில தழைகளையும் சிறு துண்டுகளாக நறுக்கி, நூற்றுக்கு 3 பங்கு சித்திரிக் அமிலங் கலந்த நீரில் ஒரு முழுநாளேனும் ஊறவைத்துப் புளிப்பேற்றியபின் எண்ணெயில் இடுவர். புளிப்பு இங்கே எண்ணெயில் அன்றி, தழைக்குள்ளேயே ஊறுவதால் பயன்படுகிறது. ஆயினும் அமிலத்தையும் தழையையும் நிறுத்து அளந்து, வகுத்த விதியை வழுவாது செய்தாலன்றி இம்முறை காவலாகாது. கண்ணளவும் கையளவும் கொண்டு சமைத்துப் பழகியோர் உலர்ந்த பொருளை நாடுவதே நன்று.

பயன்படுத்தும் விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. இத்தாலியர் இத்தகைய எண்ணெயைத் தாளிதத்துக்குப் பயன்படுத்துவதில்லை. உணவு அடுப்பிலிருந்து இறங்கியபின் மேலே சில துளி விடுவர். சுட்ட மீனின்மேல், அவித்த அவரை வித்தின்மேல், வாட்டிய பாண் துண்டின்மேல், தக்காளியும் வெள்ளரியும் நறுக்கிய கலவையின்மேல் விட்டால் உணவின் சூட்டில் எலுமிச்சையின் மணம் எழும். உப்பை நாடும் கை சிறிது தாழ்வதும் உண்டு. இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கும்படி அறிவுறுத்தப்பட்டவர் உள்ள வீட்டில் அது சிறு நன்மை அன்று. சூடான தாச்சியில் ஊற்றிப் பொரித்தால், அத்தனை நாள் சேர்த்த மணம் புகையோடு போய்விடும்.

இதுகாறும் கூறிய விதி ஒலிவ எண்ணெய்க்கு மட்டும் உரியதன்று. நல்லெண்ணெயாயினும் தேங்காய் எண்ணெயாயினும், பச்சை உள்ளியையோ பச்சை மிளகாயையோ இட்டு மூடி, வெளியிலே நாட்கணக்கில் வைத்தால் ஆபத்து ஒன்றே. ஊறுகாய்க்கு இவ்வச்சம் குறைவாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள புளிப்பும் உப்பும் வெயிலில் உலர்த்திய உலர்ச்சியுமே. அவற்றைக் குறைத்து எண்ணெயை மட்டும் பெருக்கும் புதுமுறைகளைக் கைக்கொள்வோர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். எப்போது செய்தது என்று தெரியாத போத்தல், பச்சைத் தழையோ உள்ளியோ மிதக்கும் பழைய போத்தல் ஆகியவற்றைச் சுவைத்துப் பார்த்துச் சோதித்தல் கூடாது. விலையைப் பாராமல் எறிந்துவிடுவதே அறிவுடைமை.

பண்டிகைக் காலத்தில் இவ்வெண்ணெயை உறவினருக்கும் அயலவருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்க விரும்புவோர், போத்தலின்மேல் ஒரு சிறு துண்டுக் காகிதம் ஒட்டி, உள்ளிருப்பவை யாவை, செய்த நாள் யாது, எந்நாளுக்குள் முடித்தல் வேண்டும் என்பவற்றை எழுதிக் கொடுத்தல் நன்று. பெறுபவர் அதனைப் பாதுகாக்கும் முறையை அறியாதவராக இருத்தல் கூடும். போத்தலுக்கு அழகு வேண்டுமாயின் றோஸ்மேரிக் கிளை ஒன்றை எடுத்து, போத்தலின் கழுத்தில் நூலால் வெளியே கட்டிவிடலாம். அங்கு அது சில நாள் பசுமையாய் இருந்து, காற்றில் உலர்ந்து, எவருக்கும் தீங்கின்றி மணந்துகொண்டிருக்கும்.